பன்னீர் சோடாக்காரர் வைத்த பார்

கோயமுத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தேவானந்தம் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மது தொட்டவரில்லை. தொடாமல் இருப்பது ஒன்றும் பெரிய சாதனையில்லை, எத்தனையோ பேர் தொடுவதில்லை. ஆனால் இவர் அதை ஒரு பட்டம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தார். கல்யாண வீட்டில் ஆண்கள் கூட்டம் மெல்ல மாடிப்பக்கம் நகரும்போது இவர் மட்டும் கீழே பந்தலில் தனியாக உட்கார்ந்து பன்னீர் சோடா குடிப்பார். அந்தப் பக்கம் வருகிற பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களிடம் இவரைக் காட்டி ஏதாவது சொல்வார்கள். அது இவர் காதில் விழும். விழ வேண்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்திருப்பார். அவர் போகிற சர்ச்சின் பங்கில் மதுவிலக்குச் சபைக்கு யாரைச் செயலாளராகப் போடுவது என்ற பேச்சே எழுந்ததில்லை. தேவானந்தம் இருக்கும்போது வேறு யாரைப் போடுவது?

இப்படிப்பட்ட மனிதர் போன ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் தன் வீட்டு மாடியில் ஒரு பார் வைத்தார். அதுவும் சும்மா ஒப்புக்கு இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தேக்குக் கவுண்டர், கண்ணாடி பதித்த அலமாரி, திருகுக்கால் ஸ்டூல் என்று தேடித் தேடி வாங்கிவந்து வைத்தார். பங்கே வாயைப் பிளந்தது. இந்த வயதில் மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். இத்தனை நாள் ஒளித்துக் குடித்திருக்கிறார், இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது என்றார்கள் வேறு சிலர். இரண்டுமில்லை. அவருக்குப் பொறாமை. சகலை வின்ஸ்டன் மேல் வயிறு எரிகிற பொறாமை.

வின்ஸ்டன், தேவானந்தத்தின் மனைவி சூசைமேரியின் தங்கை ஜெனிஷாவைக் கட்டியவர். வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நல்ல வேலையில் இருந்துவிட்டு, சரவணம்பட்டியில் வீடு கட்டிக் குடிவந்தவர். நல்ல உயரம். தலையில் ஒரு முடி கொட்டவில்லை. கோயில் பாடற்குழுவில் அவர் குரலெடுத்தால் பின்வரிசை வரைக்கும் கேட்கும். எஸ்டேட்டில் பழைய துரை பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அங்கே இருந்த பார் சாமான் மொத்தத்தையும் வாங்கி, லாரியில் ஏற்றி, அத்தனை கொண்டைஊசி வளைவிலும் இறக்கிக் கொண்டுவந்து தன் வீட்டு மாடியில் வைத்திருந்தார். ஒறம்பரை என்று உறவுக்காரர் யார் போனாலும் முதலில் மாடிக்குத்தான் கூட்டிப்போவார். போனவர்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் இறங்குவார்கள்.

இதையெல்லாம் தேவானந்தம் பொறுத்துக்கொண்டார். உயரத்தையும் முடியையும் குரலையும் பொறுத்தவருக்கு நாலு மரச்சாமானா பெரிது? அவரால் பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அவருடைய ஒரே மகன் லியோ, ஓசூரில் ஒரு கம்பெனியில் டிசைன் எஞ்சினியர், லீவுக்கு ஊருக்கு வந்தால் வின்ஸ்டன் வீட்டு மாடியில்தான் கிடந்தான்.

தேவானந்தத்துக்குப் பேச்சு வராது. அவருடைய அப்பா அன்னூர்ப் பக்கம் பிறர் காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்து, பிறகு கோயமுத்தூருக்கு வந்து பஞ்சாலையில் சேர்ந்தவர். அவரும் பேசமாட்டார். தேவானந்தம் பதினெட்டு வயதில் லேத்தில் நின்றார், அது போடுகிற சத்தத்தில் பேசுவதற்கு அவசியமும் இருக்கவில்லை. பம்ப் ஷாஃப்ட் கடைவதில் அவர் கை பிசகாது. மகன் சிறுவனாக இருந்தபோது பட்டறைக்குக் கூட்டிப்போய் வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கச் சொல்லித் தந்தார். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சு "சாப்பிட்டியா கண்ணு", "சாப்பிட்டனுங்கப்பா", "வண்டி சர்வீஸ் விட்டியா", "விட்டுட்டனுங்கப்பா" என்ற அளவில் நின்றுபோனது. அதில் அவருக்குக் குறை எதுவும் தெரியவில்லை. அவன் இப்படித்தான், பேச்சு வராது, என்னை மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமை ஈஸ்டர் அன்று மத்தியானம் கவிழ்ந்தது. எல்லோரும் தேவானந்தம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வின்ஸ்டன் ஒரு கறித்துண்டைக் கடித்தபடி, "லியோவுக்குப் புதுக் கம்பெனி புடிச்சிருக்குதாமுங்ணா. மேனேஜர் தங்கமான ஆளுன்னு சொல்றான்" என்றார்.

"எந்தப் புதுக் கம்பெனிங்க?" என்றார் தேவானந்தம்.

லியோ இலையைப் பார்த்தான். "சொல்லலாம்னுதான் இருந்தனுங்கப்பா. மாறி ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றான்.

"அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். ரெண்டு மாசமாக வின்ஸ்டனுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெனிஷாவுக்குத் தெரிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் ஜெனிஷா வேறு, "லியோ வந்தா எங்க ஊடே கலகலன்னு ஆயிருமுங்க மாமா. வாய் ஓயாதுங்க அவனுக்கு. இவிய ரெண்டு பேரும் பேசறதைக் கேட்டா எனக்கே பொழுது போறது தெரியாதுங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. வாய் ஓயாதாம். எந்த வாய்? இந்த வீட்டில் 'சரிங்கப்பா' தாண்டி ஒரு சொல் வராத வாயா?

பொறாமை வந்தால் சிலர் திட்டுவார்கள், சிலர் படுத்துக்கொள்வார்கள். தேவானந்தம் தொழில்காரர், அவர் யோசித்தார். ஒரே பையன், அங்கே போனால் பேசுகிறான், இங்கே வந்தால் பேசுவதில்லை. அப்படியென்றால் பையனில் பழுதில்லை. அங்கே இருப்பது ஏதோ இங்கே இல்லை. அங்கே இருப்பது என்ன? பார். ஆக, எந்த மெஷினில் அந்த வேலை வருகிறதோ அந்த மெஷினை வாங்கிப்போட வேண்டியதுதான். வின்ஸ்டன் என்கிற மனிதன் அங்கே இருக்கிறான் என்ற கணக்கு அவர் யோசனையில் வரவேயில்லை. வந்திருந்தாலும் அதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

சூசைமேரியிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, பாருன்னா சாராயம் வெக்கற இடந்தானுங்களே?" என்றாள்.

"மரச்சாமான் அம்மணி. பழைய காலத்து மரச்சாமான்."

"ஃபாதர் கேட்டா?"

"மரச்சாமான்னு சொல்லு."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கீரையைப் பார்த்தாள். "லியோவை நேரா உக்கார வெச்சுப் பேசுனா ஆகாதுங்களா?" என்றாள். அதற்குள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலில் வேவு பார்க்கப் போனார். வின்ஸ்டனிடம் மாடியைக் காட்டச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அவரே கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனார். இந்தக் கவுண்டரின் மேல்பலகை ஒரே மரத்தில் எடுத்தது, இந்தப் பித்தளைக் குழாய் கால் வைப்பதற்கு, இந்தக் கறை ஒரு துரை சுருட்டு வைத்த இடம் என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார். தேவானந்தம் கையைக் கவுண்டர் மேல் வைப்பது போல வைத்து, சாணால் அளந்துகொண்டே வந்தார். உயரத்தை இடுப்போடு வைத்துக் கணக்குப் பண்ணிக்கொண்டார். லியோ எந்த ஸ்டூலில் உட்காருவான் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. வின்ஸ்டனே ஜன்னலோரம் இருந்த ஸ்டூலைத் தட்டி, "இது நம்ம லியோ சீட்டுங்ணா. வேற யாரையும் உக்கார உடமாட்டேன்" என்றார்.

தேவானந்தத்துக்குக் காது சூடாகிவிட்டது. நம்ம லியோவாம். பெற்றது ஒருத்தன், சீட்டுப் போட்டு வைத்திருப்பது இன்னொருத்தன். அந்த ஸ்டூலைத் தூக்கி ஜன்னல் வழியாகப் போட்டால் என்ன என்று தோன்றியது. "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

உக்கடத்துக்குப் பக்கத்தில் சுஃப்யான் என்பவருக்குப் பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்று இருந்தது. பங்களா பிரிக்கிற இடம், பழைய கிளப் காலி செய்கிற இடம் எல்லாம் போய் ஏலத்தில் எடுத்துவந்து போடுவார். ஐந்து வேளை தொழுகை தவறாதவர். ஆகவே அந்தக் கிடங்கில் பார் சாமான் பற்றி அன்று நடந்த பேச்சுவார்த்தை முழுக்க, மது என்பது எந்தப் பக்கம் இனிக்கும் எந்தப் பக்கம் கசக்கும் என்று தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது.

"என்ன மாதிரி பாக்கறீங்க?" என்றார் சுஃப்யான்.

"சரவணம்பட்டில ஒருத்தர் ஊட்டுல இருக்குதுங்க. அதை விடப் பழசா வேணும். அதை விடப் பெருசாவும் இருக்கோணும்."

சுஃப்யான் இதைப் போல நிறையப் பேரைப் பார்த்தவர். சிரிக்காமல் ஒரு கவுண்டரின் மேலிருந்த சாக்கை உருவினார். பார்க்க அருமையாக இருந்தது. தேவானந்தம் அதன் முன்னால் நிற்காமல் குனிந்து அடியில் போனார். அடிப்பலகையும் மேல்பலகையும் ஒரே நிறத்தில் இருந்தன. கை படுகிற இடம் ஒரு நிறமாகவும் படாத இடம் வேறு நிறமாகவும்தானே இருக்க வேண்டும்? ஒரு ஸ்க்ரூவை நகத்தால் சுரண்டினார். மெஷினில் அடித்த புது ஸ்க்ரூ.

"இது போன வருசம் செஞ்சதுங்க. பழசாட்டத் தெரியறதுக்கு டீ டிகாஷன் பூசியிருக்குது" என்றார் எழுந்து.

"ஆமாங்க. இது ஹோட்டல்காரங்களுக்கு வெச்சிருக்கறது" என்று சுஃப்யான் கொஞ்சமும் கலங்காமல் சாக்கை மறுபடி மூடினார். "உள்ளே வாங்க. உங்களுக்கு வேற காட்டறேன்."

உள்ளே இருந்தது சத்தியமங்கலம் பக்கம் ஒரு மர காண்ட்ராக்டர் பங்களாவிலிருந்து வந்தது. நீளமான தேக்குக் கவுண்டர். முன்பக்கம் செதுக்கு வேலை எதுவுமில்லை, ஆனால் டிராயரை இழுத்தால் மூலைகளில் பல்லுக்குப் பல் கோத்துக் கையால் சேர்த்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் பூச்சி அரித்த பொட்டு ஓட்டைகள் இருந்தன. தேவானந்தம் அதில் விரல்நுனியால் தட்டிப் பார்த்தார். பொடி உதிரவில்லை. பூச்சி செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. கூடவே அதற்கு ஜோடியாக, கண்ணாடி பதித்த உயரமான அலமாரி ஒன்றும் இருந்தது. கண்ணாடியில் அங்கங்கே ரசம் போயிருந்தது. புதுக் கண்ணாடி மாற்றித் தரட்டுமா என்று சுஃப்யான் கேட்டார். வேண்டாம், வின்ஸ்டன் வீட்டுக் கண்ணாடி புதுசு, இது இப்படியே இருக்கட்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"வின்ஸ்டன்ங்கறது யாருங்க?"

"சகலைங்க."

"அதானே" என்றார் சுஃப்யான்.

ஸ்டூல்கள் ஓர் ஓரமாகக் கிடந்தன. வார்ப்பிரும்புக் காலும், நடுவில் திருகும், மேலே உட்கார வட்டமான மரப்பலகையும். தேவானந்தம் ஒன்றைச் சுற்றிப் பார்த்தார். கிறீச் என்றுகூடச் சொல்லாமல் மேலே ஏறியது. குனிந்து அந்தத் திருகின் மரையைப் பார்த்தார். சதுர மரை, கையால் வெட்டியது, ஒரு இடத்திலும் தேய்மானம் இல்லை. அன்று முதல்முறையாக, வின்ஸ்டனை மறந்து ஒரு பொருளை அந்தப் பொருளுக்காகவே பார்த்தார். ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் எட்டாமல் தொங்கியது.

"குடிக்கறவங்களுக்கு ஏனுங்க கால் தொங்கோணும்?"

"எனக்கெப்படிங்க தெரியும்? வாங்கறவங்க யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல" என்றார் சுஃப்யான். "நாலா எடுத்துக்குங்க. செட்டு."

"ரெண்டு போதுங்க."

"பாருக்கு ரெண்டு போதாதுங்க. நாலு பேர் வருவாங்க, போவாங்க."

"யாரும் வரமாட்டாங்க. நானும் என்ற பையனும்தான்" என்றார் தேவானந்தம். சொல்லும்போதே அவருக்கு உள்ளே ஒரு குளுமை. மனக்கண்ணில் லியோ ஒன்றில் உட்கார்ந்திருந்தான், அவர் ஒன்றில் உட்கார்ந்திருந்தார், லியோவின் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது.

சாமான் வந்து இறங்கிய நாளே பங்கில் பேச்சு தீயாகப் பற்றியது. ஃபாதர் கூப்பிட்டு மெதுவாக விசாரித்தார். தேவானந்தம் பொய் சொல்லாமல், "பையனுக்காகங்க ஃபாதர்" என்றார். அது எப்படியோ வெளியே கசிந்து, லியோ பெரிய குடிகாரன், வெளியே விழுந்து கிடக்காமல் இருக்கட்டும் என்று தகப்பன் வீட்டிலேயே ஏற்பாடு பண்ணிவிட்டார் என்று ஊர் பேசியது. மதுவிலக்குச் சபைச் செயலாளர் பதவியை வேண்டாமென்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பட்டத்தை எத்தனை ஆசையாக மாட்டிக்கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியும். அதைக் கழற்றிவைக்கும்போது வலித்தது. ஆனாலும் வின்ஸ்டன் வீட்டு ஜன்னலோர ஸ்டூல் காலியாகக் கிடப்பதை நினைத்துக்கொண்டார், வலி தெரியவில்லை.

பாட்டில் வாங்குவதற்கு மட்டும் பட்டறை ஆள் ராசப்பனை அனுப்ப வேண்டியிருந்தது. "என்ன பிராண்டுங்க வாங்கறது?" என்று ராசப்பன் கேட்டான். "அலமாரில வெச்சா பாக்க லட்சணமா இருக்கறதா வாங்கு" என்றார். ராசப்பன் ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு, தனக்குப் பிடித்ததை வாங்கிவந்தான்.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் பிரியாணி முடிந்தது. லியோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சூசைமேரியிடமும் சொல்லியிருந்தார். "ஒரு சாமான் வாங்கியிருக்கேன், வா பாக்கலாம்" என்று மாடிக்குக் கூட்டிப்போனார். கதவைத் திறந்து லைட்டைப் போட்டார்.

லியோ வாசலிலேயே நின்றுவிட்டான். கவுண்டரைப் பார்த்தான், அலமாரியைப் பார்த்தான், பாட்டில்களைப் பார்த்தான். கடைசியில் அப்பாவைப் பார்த்தான்.

"இதெல்லாம் யாருக்குங்கப்பா?"

"நமக்குத்தான். உக்காரு கண்ணு."

உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். தேவானந்தம் பக்கத்து ஸ்டூலில் உட்காரப் போனவர், அங்கே உட்கார்ந்தால் எடுத்துக் கொடுப்பது யார் என்று தோன்றி, கவுண்டருக்கு உள்பக்கம் போனார்.

"என்ன குடிக்கற?"

"தண்ணி போதுங்கப்பா."

"கூச்சப்படாத. எல்லாம் இருக்குது."

"தண்ணியே போதுங்கப்பா."

விலை உயர்ந்த கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். லியோ ஸ்டூலை விட்டு எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மறுபடி உட்கார்ந்தான். தண்ணீரைக் குடித்தான்.

"ஓசூர் ரோடு எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுங்கப்பா."

அவ்வளவுதான். இந்த ஊர்ப்பக்கத்தில் பெற்ற தகப்பன் கண் எதிரே எந்த மகனும் கிளாஸைத் தூக்கமாட்டான். நரைத்த மகனாக இருந்தாலும், தகப்பன் வருகிறார் என்றால் கிளாஸ் மேஜைக்கடியில் போய்விடும், சிகரெட் உள்ளங்கைக்குள் போய்விடும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை, வளர்ப்பிலேயே வந்துவிடுகிறது. லியோவை அப்படி வளர்த்ததும் இவர்தான். அடிப்பலகையின் நிறத்தையும் ஸ்க்ரூவின் வயதையும் பூச்சியின் சாவையும் பார்த்தவர் இதைப் பார்க்கவில்லை. அவருக்குக் குடிக்கிற பழக்கம் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து வின்ஸ்டன் படியேறி வந்தார். வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார். தேவானந்தம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் சுருங்க வேண்டும். ஒரு துளியாவது சுருங்க வேண்டும். இத்தனை மாதம் அதற்காகவும்தானே அலைந்தார்? முகம் விரிந்தது. வின்ஸ்டன் ஓடிவந்து கவுண்டரைத் தடவினார், குனிந்து பார்த்தார், ஸ்டூலைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க ஊட்டுல இருக்கறதெல்லாம் இதுக்கு முன்னால என்னங்ணா. ஒண்ணுமே இல்ல. எங்கிருந்து புடிச்சீங்க?" என்றவர், தேவானந்தத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பொறாமை என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். தேவானந்தத்துக்கு அந்த நிமிடம் அவரை அறவே பிடிக்கவில்லை.

குலுக்கிய கையை விட்டுவிட்டு வின்ஸ்டன் லியோவின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். இருந்ததே இரண்டு. லியோவின் முதுகு தளர்ந்தது. ஒரு முழங்கை கவுண்டரில் ஏறியது. "என்னங்க சித்தப்பா, லேட்டு" என்று அவன் கேட்ட குரலே வேறாக இருந்தது. வின்ஸ்டன் ஏதோ சொன்னார், இவன் ஏதோ சொன்னான், ஆனால் பேச்சு கிளம்பிக் கிளம்பி நின்றது. வின்ஸ்டன் பாட்டில்களைப் பார்த்தார். லியோ தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தான். யாரோ போவதற்காக இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அது யார் என்று புரிந்துகொள்ள தேவானந்தத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்பா, காலையில இருந்து நின்னுட்டே இருக்கறீங்க. கீழ போய்ச் சித்த நேரம் படுங்களேன்" என்றான் லியோ. அவன் அதைப் பாசமாகத்தான் சொன்னான்.

"ஐஸ் இல்ல. எடுத்துட்டு வாரேன்" என்று அவர் கவுண்டரை விட்டு வெளியே வந்தார்.

கீழே ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி படியேறினார். பாதி ஏறும்போது மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பெரிய சிரிப்பு. லியோவின் சிரிப்பை அவர் அப்படிக் கேட்டதேயில்லை. என் வீடு, என் கவுண்டர், என் மகன், உட்கார்ந்து சிரிக்கிறவன் வின்ஸ்டன். நேரே உள்ளே போய் ஐஸ் தட்டைக் கவுண்டரில் நங்கென்று வைக்கலாம் என்று இரண்டு படி ஏறினார். அப்போது ஒரு குரல் கேட்டது. தொண்டையை இரண்டு தரம் கனைத்து, வார்த்தையை மென்று, பாதியில் விழுங்கிப் பேசுகிற குரல். அது அவருடைய குரல்.

"'வரனுங்க சார்.' அவ்வளவுதானுங்க சித்தப்பா" என்று லியோ தன் குரலுக்குத் திரும்பினான். "டென்த்துல நான் கணக்குல ஃபெயில். ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காரு. அவரு பாட்டுக்கு என்னையத் திட்டறாரு, திட்டறாரு, அப்பா ஒரு வார்த்தை பேசலீங்க. குனிஞ்சு ஹெட்மாஸ்டர் டேபிளைப் பாத்துட்டு இருக்காரு. ஒரு கால் ஆடுதுங்க அதுல. பாக்கெட்டுல இருந்து ஸ்பேனரை எடுத்தாரு, அடியில பூந்தாரு, டைட் பண்ணாரு, எந்திரிச்சு டேபிளை ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தாரு. 'வரனுங்க சார்'னு சொல்லிப்போட்டு வந்துட்டாரு. வெளியே வந்து எனக்கு ஒரு பரோட்டா வாங்கித் தந்தாரு. கணக்கைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் கேக்கலீங்க."

வின்ஸ்டன் சிரித்துச் சிரித்து இருமினார். "அவருகிட்டயே இதைச் சொல்லேன் லியோ. சந்தோசப்படுவாரு" என்றார்.

"அவரு முன்னால எனக்கு வாய் வராதுங்க சித்தப்பா. இன்னொண்ணு இருக்குது, கேளுங்க. நான் ஹாஸ்டல்ல சேந்தப்ப..."

தேவானந்தம் படியில் நின்றுவிட்டார். இத்தனை நாளும் இவர்கள் இதைத்தான் பேசியிருக்கிறார்கள். வின்ஸ்டன் வீட்டு ஜன்னலோர ஸ்டூலில் உட்கார்ந்து, பொழுது போவது தெரியாமல், தேவானந்தம் என்ற ஒரு ஆளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த ஆள் லியோவின் பேச்சில் வந்து நிற்கிறான், ஸ்பேனர் எடுக்கிறான், பரோட்டா வாங்கித் தருகிறான், லியோ அவனைச் சொல்லச் சொல்லத் தீரவில்லை. இப்போது அவருக்கு வின்ஸ்டன் மேல் இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த ஆளின் மேல்தான் பொறாமையாக இருந்தது. அவனுக்குக் கிடைத்த லியோ இவருக்குக் கிடைக்கவில்லை.

கீழே சூசைமேரி படிக்கட்டின் அடியில் வந்து நின்று, "ஏனுங்க, உள்ள போகாம அங்கயே நிக்கறீங்க?" என்றாள்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். ஐஸ் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"நான் போனா நிறுத்திப்போடுவான்" என்றார் கிசுகிசுப்பாக. "சித்த இரு அம்மணி. அந்த ஆளு ஹாஸ்டல்ல என்ன பண்ணாருன்னு கேட்டுக்கறேன்."